வீட்டுக்கும் உடைங்காட்டுக்கும் நடுவே

வறண்ட நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் எல்லோருமே எப்போதாவது விடை சொல்ல வேண்டிவந்த கேள்வி இது: தீ அண்டாமல் இருக்க வீட்டைச் சுற்றி என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது? கூரையை மாற்று என்றது ஒரு விடை. தரையை வெறுமையாக வை என்றது மற்றொன்று. குறிப்பிட்ட மரத்தைப் பூண்டோடு ஒழி என்றது இன்னொன்று. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு விபத்துக்குப் பின் எழுந்தவை. வேம்பார் போன்ற ஒரு கடற்கரை ஊரில் இவற்றில் எது நிற்கும், எது சரியும் என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

காட்டுத்தீ என்றதும் தமிழ்நாட்டில் மலைதான் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களைக் காய்ந்த புற்சரிவில் பரவிய தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தனர். அந்தச் சரிவில் குடியிருப்பு இல்லை. எரியக்கூடிய பொருளும் மனிதர் உறங்கும் வீடும் ஒட்டி நிற்கும் இடத்தைத் தேடினால் சமவெளிக்குத்தான் வர வேண்டும்.

வேம்பார் தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரம், விளாத்திகுளம் வட்டம், சற்று நடந்தால் இராமநாதபுரம் மாவட்டம். முத்துக்குளித்துறையின் ஏழு பரதவர் ஊர்களுள் ஒன்றாகப் பெயர்பெற்றது. கிழக்கே மன்னார் வளைகுடா. மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் பனங்காடு, உடை என்ற முள்மரம் அடர்ந்த உடைங்காடு, அதற்கப்பால் கரிசல். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்துவிடுகிறது. மற்ற மாதங்களில் காய்ச்சல்தான். வைகாசி கடந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஈரம் இழந்த மேல்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். பனங்காட்டில் தீப்பிடித்தால் அந்தக் காற்று அதை ஊரை நோக்கித்தான் தள்ளும். வேம்பாரின் சிக்கலை இந்தத் திசை ஒன்றே பாதி சொல்லிவிடுகிறது.

கூரையைக் குற்றம் சாட்டியவர்கள்

தமிழ்நாட்டில் இக்கேள்விக்குக் கிடைத்த பழைய அரசு விடைகளில் ஒன்று கூரையைப் பற்றியது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், துணி, புல், ஓலை, பாய் முதலான எளிதில் தீப்பற்றும் பொருள்களால் வெளிக்கூரையோ பந்தலோ அனுமதியின்றி அமைக்கக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் வேலியும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. வீட்டோடு நிற்காமல் வீட்டின் சுற்றுப்புறத்தையும் சட்டம் அன்றே எண்ணியிருக்கிறது. ஆனால் அது நகராட்சிகளுக்கான சட்டம். பனையோலையே கூரையும் பனமட்டையே வேலியுமாக இருந்த கடற்கரைக் கிராமங்களுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை.

ஓலைக்கூரைக்கு எதிரான கருத்து உறுதிப்பட்டது 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து விபத்துகளால். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே கடற்கரையில், வேம்பாருக்குக் கிழக்கே ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் இறந்தனர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. பள்ளிகளில் கீற்றுக்கூரை அதன்பின் தடைசெய்யப்பட்டது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்கிறது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை, மீதிக்குத் தீப்பிடிக்காத பொருள் என்று விதிக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் பலத்தை மறுக்க முடியாது. ஓலைக்கூரை பறந்துவரும் ஒரு கங்கைத் தாங்காது. கூரை பற்றிவிட்டால் உள்ளிருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூரைவேய்ச்சலுக்கு மண்சாந்து பூசித் தீயைத் தாமதப்படுத்தும் முறையை உருவாக்கியது. ஓலையை விடாமலே ஆபத்தைக் குறைக்க முயன்ற நடுவழி அது. ஆனால் நம் வீட்டுத் திட்டங்களின் போக்கு நேராகக் காங்கிரீட்டுக்கே போய்விட்டது.

பலவீனம் கூரைக்கு வெளியே இருக்கிறது. காங்கிரீட் வீடு கோடையில் கொதிக்கும். அதனால் வாசலில் ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கப்படும். பின்புறம் அடுப்படிக்கு ஓலைத் தட்டி வரும். மீனவர் வீடென்றால் நைலான் வலையும் கயிறும் சுவரோரம் குவியும். இயந்திரத்துக்கான எண்ணெய்க் கேனும் அங்கேயே. கூரை தீப்பிடிக்காததாக மாறிவிட்டது, கூரைக்கு முன்னால் எரிய வேண்டியதெல்லாம் அப்படியே இருக்கிறது. திட்டக் கணக்கில் அந்த வீடு பாதுகாப்பான வீடு.

தூரத்தை அளந்தவர்கள்

வீட்டைச் சுற்றிய தரைதான் முடிவுசெய்கிறது என்ற கருத்துக்கு அறிவியல் உருவம் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வன சேவையின் ஆய்வாளர் ஜாக் கோஹன். 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில், மர உச்சிகளையே பற்றி ஓடும் தீயை மூட்டி, அதற்கு முன்னால் வெவ்வேறு தொலைவில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. பெருந்தீயின் நேரடி வெப்பம் எட்டும் தொலைவு நினைத்ததைவிடக் குறைவு என்றும், வீடுகள் பெரும்பாலும் பறந்துவரும் பொறிகளாலும் சுவரடியில் ஊரும் சிறு தீயாலும் எரிகின்றன என்றும் அவர் முடிவுக்கு வந்தார். காட்டைத் திருத்துவதைவிட வீட்டையும் அதன் அண்டையையும் திருத்துவதே பயன் தரும் என்பது இதன் பொருள்.

கலிபோர்னியா இந்தக் கருத்தைச் சட்டமாக்கியது. அங்கே முன்பு 30 அடி என்றிருந்த துப்புரவு எல்லை 2005இல் 100 அடியானது. 2020இல் இயற்றிய சட்டம் சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் பற்றக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்ற புதிய வளையத்தைக் கொண்டுவந்தது. சான்டியாகோ வட்டாரத்தில் எரிந்த வீடுகளையும் தப்பிய வீடுகளையும் ஒப்பிட்ட சைஃபார்டும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டிலிருந்து 5 முதல் 20 மீட்டர் வரையிலான துப்புரவே அதிகப் பயன் தருகிறது, 30 மீட்டருக்கு அப்பால் வெட்டுவதில் கூடுதல் பயன் தென்படவில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் 173 பேரைப் பலிகொண்ட 2009 பிப்ரவரித் தீக்குப் பிந்தைய ஆய்வுகளும், தொலைவிலுள்ள காட்டை முன்கூட்டியே எரித்துவைப்பதைவிட வீட்டருகே செடிகொடியைக் குறைப்பதே மேல் என்ற பக்கம் சாய்ந்தன. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல் வீட்டருகே மரம் வெட்ட அனுமதி தளர்த்தியபோது, கடற்காட்சிக்காக மரம் சாய்த்தவர்களும் அந்தச் சலுகைக்குள் நுழைந்தார்கள் என்ற புகார் எழுந்தது. தீயின் பெயரால் எதையும் வெட்டலாம் என்ற நிலைமை எங்கும் இப்படித்தான் முடியும்போலிருக்கிறது.

இந்த அளவுகளை வேம்பாருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. மீனவர் தெருவில் ஒரு வீட்டைச் சுற்றி 30 மீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அடங்கிவிடும். அண்டை வீட்டின் கொட்டகைதான் நம் வீட்டின் புதர். தனித்து நிற்கும் அமெரிக்க வீட்டின் உரிமையாளருக்குச் சொன்ன அறிவுரை இங்கே தெருவுக்குச் சொல்ல வேண்டியதாக மாறுகிறது. ஆனால் முதல் 5 அடி விதி அப்படியல்ல. எவ்வளவு நெருக்கமான தெருவிலும் அதைக் கடைப்பிடிக்கலாம்.

நம் பழைய வழக்கத்தையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். சாணம் தெளித்துப் பெருக்கிய முற்றம் தீக்காக ஏற்பட்டதில்லை; தூசி, பூச்சி, பூரான், மங்கலம் என்று அதற்குப் பல காரணங்கள். ஆயினும் தினமும் பெருக்கிய மண்தரையில் ஊரும் தீ வந்து நின்றுவிடும். மேற்கே கரிசல் கிராமங்களில் நாற்றுக்கட்டும் சோளத்தட்டையும் அடுக்கிய படப்புகள் வீட்டோரத்தில் இராமல் ஊர்ப்புறத்துக் களத்தில் நின்றதும், படப்பு பற்றினால் ஊர் போய்விடும் என்று அறிந்தவர்களின் ஏற்பாடாகவே தோன்றுகிறது. இவற்றைப் பண்டைய ஞானம் என்று ஏற்றிப் பேச வேண்டியதில்லை. ஓலைக்கூரைக்கு அடியில் வெறும் முற்றம் மட்டும் யாரையும் காப்பாற்றவும் இல்லை. கூரை மாறிவிட்ட இன்றுதான் அந்த முற்றத்துக்கு முழுப் பயன் கிடைக்கும். ஆனால் இன்றோ முற்றமே சுருங்கி வருகிறது.

ஒரு மரத்தின் மீது வழக்கு

தென் மாவட்டங்களில் சுற்றுப்புறத் துப்புரவு என்றாலே சீமைக்கருவேலத்தை வெட்டுவது என்றாகிவிட்டது. காமராசர் காலத்தில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்று ஊர்ப்பேச்சு உண்டு. ஆனால் அம்மரம் 1870களிலேயே ஜமைக்காவிலிருந்து விதையாகச் சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. மரமில்லா வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பதே வனத்துறையின் அன்றைய எண்ணம். அந்த அளவில் அது வெற்றிதான். விளாத்திகுளம், சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டே வயிறு வளர்த்த குடும்பங்கள் பல.

நீரை உறிஞ்சுகிறது, கண்மாயைத் தூர்க்கிறது என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் வைகோ தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. 2017 தொடக்கத்தில் அது பெரும் இயக்கமாகவே நடந்தது. அதே ஆண்டில், போதிய ஆய்வின்றி வெட்டுவதை எதிர்த்த மனுவின்பேரில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்த வாதப் பிரதிவாதம் முழுவதும் நீரைப் பற்றியது. தீயைப் பொறுத்தவரை இம்மரத்தின் நிலை இருபுறமும் பேசக்கூடியது.

பச்சையாக நிற்கும் சீமைக்கருவேலம் கோடையிலும் இலை தாங்கும். அடர்ந்த நிழலுக்கடியில் புல் குறைவாகவே முளைப்பதால் தரையில் தீ ஓட வழி குறைகிறது. வெட்டிப்போட்ட முள் அப்படியல்ல: சில வாரங்களில் காய்ந்து, காற்றுப் புகும்படி குவிந்து, ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் பல கொம்புகளாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கிய வெளியில் அடுத்த மழைக்குப் புல் வரும். தை, மாசியில் அந்தப் புல் வைக்கோலாகும். வெட்டுவதால் தீயாபத்து குறையும் என்பது, வெட்டிய முள்ளையும் பின் முளைத்த புல்லையும் யார் அள்ளுகிறார் என்பதைப் பொறுத்தே உண்மையாகும்.

2023 ஆகஸ்ட் 8இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் லஹைனா எரிந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதுவும் கடற்கரை ஊர். அங்கும் வறண்ட காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. அங்கும் சீமைக்கருவேலத்தின் சகோதர இனம் ஒன்று 1828 முதல் வேரூன்றியிருக்கிறது. ஆயினும் விவாதத்தில் முன்னுக்கு வந்தது அந்த மரமல்ல, 1999இல் ஆலை மூடப்பட்டபின் கைவிடப்பட்ட கரும்பு நிலங்களில் மண்டிய அயல்புல். நூறு பேர் அளவில் இறந்தனர். பலர் உயிர்தப்பக் கடலில் இறங்கினர். மரத்தை மட்டும் பார்த்துக் கைவிட்ட நிலத்தைப் பாராமல் இருப்பது தவறு என்பதற்கு லஹைனாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மையில் இல்லை.

ஏறாத பனை

வேம்பாரைப் பொறுத்தவரை கேள்வியின் கனமான பகுதி பனையில் இருக்கிறது. இதைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

வேம்பார்க் கருப்பட்டிக்குத் தென்மாவட்டச் சந்தைகளில் தனிப் பெயர் உண்டு. பனை 1978 முதல் மாநில மரம். பதநீர் இறக்கும் மரத்தில் பனையேறி ஏறுவதற்கு முன் காவோலையைக் கழிப்பார், பன்னாடையைப் பிய்ப்பார், தண்டைச் சுத்தம்செய்து வைத்துக்கொள்வார். அவை ஏறுவதற்குத் தடையாகவும் தேளுக்கும் பாம்புக்கும் மறைவாகவும் இருப்பதால் இந்தத் துப்புரவு தொழிலின் தேவை. கழித்த ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். மட்டை அடுப்புக்குப் போகும். மிச்சமெல்லாம் விடிலியில் பதநீர் காய்ச்ச எரியும். வேறு விறகு போதாதபோது உடைமுள்ளும் அதே அடுப்புக்குள் போகும். பனங்காட்டின் காய்ந்த பொருள் முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை, கட்டுக்குள் வைக்கப்பட்ட தீயில், எரிந்து தீர்ந்தது. விடிலியே ஓலைக் குடிசைதான், அதற்குள்ளேயே எரியும் அடுப்பு என்ற ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆபத்து பனங்காட்டின் நடுவில், ஆள் இருக்கும்போது இருந்தது.

இன்று ஏறுபவர் குறைந்து வருகிறார். ஏறாத பனையில் காவோலைகள் பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கி, அடியிலிருந்து குருத்துவரை தீக்கு ஏணி ஆகின்றன. கலிபோர்னியாவில் தோட்டப் பனைகளின் இந்தக் காய்ந்த தொங்கலை வெட்டச் சொல்வது பழைய அறிவுரை. எரியும் ஓலை காற்றில் நெடுந்தூரம் பறந்து அடுத்த கூரையில் இறங்கும் என்பதே காரணம். மேல்காற்றுக் காலத்து வேம்பாரில் அந்த இயற்பியல் மாறாது. மறுபுறம், வீட்டில் எரிவாயு வந்துவிட்டது. 2006க்குப் பின் மாநில அரசு இலவச அடுப்பும், 2016 முதல் மத்திய அரசு உஜ்வாலா திட்டத்தில் எரிவாயு இணைப்பும் தந்தன. பெண்களின் நுரையீரலுக்கு இது பெரும் நன்மை. அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் மட்டையும் முள்ளும் பொறுக்கப் போகும் கைகள் நின்றதும், அவை கிடந்த இடத்திலேயே கிடக்கத் தொடங்கின.

ஆக, வீட்டைச் சுற்றிய நிலத்தைத் தீயிலிருந்து காத்தது தோட்ட வடிவமைப்பு என்பதைவிடக் காய்ந்த பொருளுக்கு இருந்த தேவையே என்று கருத இடமிருக்கிறது. இந்தக் கருத்துக்கு நெருங்கிய துணை இமயமலைச் சரிவில் கிடைக்கிறது. உத்தராகண்டில் சிர் பைன் மரங்களின் ஊசியிலைச் சருகே காட்டுத்தீயின் முதன்மை எரிபொருள். 2024 மே மாதம், பெருந்தீக்களுக்கிடையே, அம்மாநில அரசு சருகை மக்களிடமிருந்து கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. சருகுக்கு விலை இருந்தால் காடு தானே துப்புரவாகும் என்ற கணக்கு அது. அக்கணக்கு எவ்வளவு பலிக்கும் என்பது கொள்முதல் எத்தனை ஆண்டு தொடர்கிறது என்பதைப் பொறுத்தது. ஓராண்டு வாங்கி மறு ஆண்டு நிறுத்தினால் சருகு திரும்பவும் தரையில் கிடக்கும்.

இந்த நிலைப்பாட்டுக்கும் பலவீனம் உண்டு. பழைய ஏற்பாடு சாதியும் வறுமையும் சேர்ந்து சுமத்திய உழைப்பின்மேல் நின்றது. பனையேற்றம் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அதை விட்டு வெளியேறியவர்களைப் பார்த்து, ஊர் எரியாமலிருக்கத் திரும்ப ஏறுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பச்சை வேலியும் சவுக்கும்

தீத்தாங்கும் செடிகளின் பட்டியல் கேட்பவர்கள் நிறையப் பேர். இங்கே கிளுவை, திருகுகள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றும் ஈரமும் உள்ள உயிர்வேலிகள் காய்ந்த உடைமுள் வேலியையும் மட்டை வேலியையும்விட மேல் என்பதில் ஐயமில்லை. அதற்குமேல் பட்டியல்களை நம்புவது கடினம். 1970களில் நோபல் வேதியியலாளர் மெல்வின் கால்வின் திருகுகள்ளியின் பாலிலிருந்தே எரிபொருள் எடுக்க முடியும் என்றார். அதே செடி பச்சையாக இருக்கும்போது எளிதில் பற்றுவதில்லை. செடியின் இனத்தைவிட அதில் எவ்வளவு ஈரம், அடியில் எவ்வளவு சருகு என்பதே பேசும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்னாகும் என்பதும் குழந்தைகள் விளையாடும் தெருவில் எண்ண வேண்டியது.

சவுக்கு தனிச் சிக்கல். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் மரத்தடுப்பு வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. கடலூர்ப் பகுதியில் மரங்கள் ஊர்களைக் காத்தன என்று 2005இல் வெளிவந்த ஆய்வும், அந்தக் காப்பு மரத்தாலன்று, தொலைவாலும் தரையின் உயரத்தாலும் வந்தது என்ற மறுப்பும் இன்றுவரை எதிரெதிராகவே நிற்கின்றன. சவுக்கின் அடியில் சேரும் சருகு மெத்தை எளிதில் பற்றும். சவுக்கு தீயைத் தாங்காது. அலைக்கு அரணாக ஊரை ஒட்டி நடச் சொல்பவர்களும் தீக்காகத் தள்ளி நடச் சொல்பவர்களும் இதுவரை ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இவ்விடைகளின் உறுதி ஒரே அளவானதல்ல. எரியும் கூரையை அகற்றுவது உயிர் காக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே போதிய, கசப்பான சான்று உண்டு. சுவரை ஒட்டிய சில அடிகளை வெறுமையாக வைப்பது பற்றிய சான்று வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆனாலும் அது நிற்பது பொறி, சருகு, சுவர் என்ற இயற்பியலின்மேல் என்பதால் இங்கும் பொருந்தும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அந்த வெறுமை மணலைப் பறக்கவிட்டு, நிழலைக் குறைத்து, காங்கிரீட் வீட்டை மேலும் சுடவைக்கும்; அதற்கு மாற்றாக மீண்டும் கீற்றுச் சாய்ப்பே வரும் என்றால் வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆகவே நிழலுக்கு என்ன செய்வது என்பதற்கு விடையின்றி வெறுந்தரையைப் பரிந்துரைப்பது அரைகுறை அறிவுரை. புங்கம், வேம்பு, பூவரசு போன்ற பசுமரங்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து அடிச்சருகைப் பெருக்குவது ஒரு வழியாகலாம். எவ்வளவு தள்ளி என்பது இம்மண்ணில், இந்தக் காற்றில் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது.

சீமைக்கருவேலத்தை ஊர் எல்லை முழுவதும் ஒழிப்பதைத் தீத்தடுப்பு என்று நியாயப்படுத்துவது வலுவற்றது. வீட்டருகே வெட்டிய முள்ளை உடனே அப்புறப்படுத்துவது வலுவானது. பனையைப் பற்றிய வாதம் ஏற்கத்தக்கதாகத் தோன்றினாலும் இன்னும் சோதிக்கப்படாதது. ஏறும் பனைகள் நிற்கும் விளையையும் கைவிட்ட விளையையும் அருகருகே வைத்து, எவ்வளவு காய்ந்த பொருள் கிடக்கிறது, தீ எப்படி ஓடுகிறது என்று ஒப்பிடுவது பெரிய செலவுள்ள ஆய்வன்று.

அதுவரை ஒரு நிர்வாகக் கேள்வி மட்டும் காத்திருக்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரம் காக்கப்பட அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏறாத பனையின் காவோலையைக் கழிப்பது யார் பொறுப்பு? பட்டா நிலத்தில் உரிமையாளர், அவர் வெளியூரில் இருந்தால்? புறம்போக்கில் ஊராட்சியா, வனத்துறையா, ஊரக வேலைத் திட்டமா? கருவி கொண்டு கீழிருந்தே கழிக்க முடியுமா, கூலி எந்தத் தலைப்பில் எழுதப்படும்? வைகாசி கடந்து மேல்காற்று எழுவதற்கு முன், மாசி, பங்குனியிலேயே முடிக்க வேண்டிய வேலை அது.